பன்னாட்டு உறவுக் கோட்பாடுகளைப் படிக்கத் தொடங்குவது எப்படி: ஒரே நிகழ்வை வைத்து ஒரு வழிகாட்டி

பன்னாட்டு உறவுகளைப் படிக்க வருபவரின் கையில் முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. யதார்த்தவாதம், தாராளவாதம், கட்டுமானவாதம், மார்க்சியம், பெண்ணியம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி விளக்கமும், மூன்று அறிஞர்களின் பெயரும், இரண்டு குறைபாடுகளும் இருக்கும். அதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். ஆனால் மறுநாள் காலையில் இரண்டு நாடுகள் எல்லையில் படைகளைக் குவித்திருப்பதாகச் செய்தி வந்தால், அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்க வேண்டியிருக்கும். நானும் பட்டியலில் தொடங்கியவன்தான். ஒரே நிகழ்வை எடுத்து, ஒவ்வொரு கோட்பாட்டின் வழியாகவும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்த பிறகுதான், இவை எதற்காக இருக்கின்றன என்பது எனக்கு விளங்கியது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் நிகழ்வு 1962ஆம் ஆண்டின் கியூபா ஏவுகணை நெருக்கடி. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நடந்தது குறுகிய காலம், ஆவணங்கள் ஏராளமாக வெளிவந்துவிட்டன, முடிவும் தெரியும். புதியவருக்கு இன்றைய போர்களைவிட முடிந்துபோன நெருக்கடிகளே நல்ல பயிற்சிக்களம், ஏனெனில் நம் சொந்த விருப்பு வெறுப்பு அங்கே குறைவாகவே குறுக்கிடும்.

முதல் படி: பெயர்களால் ஏமாறாமல் இருத்தல்

இத்துறையின் கலைச்சொற்களுக்கு அன்றாடப் பேச்சிலும் வேறு பொருள் இருப்பதால், தொடக்கத்திலேயே சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யதார்த்தவாதம் என்ற பெயரைக் கேட்டதும், அது உள்ளதை உள்ளபடி சொல்வது என்றும், மற்றவையெல்லாம் கனவு என்றும் தோன்றும். அப்படி எடுத்துக்கொண்டால் படிக்கும் முன்பே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம். யதார்த்தவாதமும் உலகின் சில கூறுகளை மட்டும் எடுத்து, மற்றவற்றை ஒதுக்கி வைக்கும் ஒரு கோட்பாடுதான். அந்தப் பெயர் அதற்கு அதன் ஆதரவாளர்கள் சூட்டியது. தாராளவாதம் என்பதும் கொடைக்குணத்தையோ, ஒரு நாட்டின் உள்ளே நடக்கும் பொருளாதாரத் தாராளமயத்தையோ மட்டும் குறிப்பதன்று. நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு எப்படிச் சாத்தியமாகிறது என்று ஆராயும் மரபுக்கு இங்கே அந்தப் பெயர்.

எல்லாவற்றையும்விடக் குழப்பம் தருவது அராஜகம் என்ற சொல். பாடநூல்களில், உலக அரசியல் அராஜக நிலையில் இருக்கிறது என்று படிக்கும்போது, கலவரமும் சூறையாடலும் நிறைந்த ஒரு காட்சி நம் மனத்தில் எழுகிறது. அறிஞர்கள் சொல்ல வருவது அதுவன்று. அரசுகளுக்கு மேலே, அவற்றை அடக்கி ஆளக்கூடிய இன்னொரு அரசு இல்லை என்பது மட்டுமே இதன் பொருள். வீட்டில் திருடன் புகுந்தால் காவல் நிலையத்துக்கு ஓடலாம். ஒரு நாட்டின் மீது இன்னொரு நாடு படையெடுத்தால் ஓடிச்சென்று முறையிட்டு, கட்டாயம் தீர்வு பெறக்கூடிய இடம் இல்லை. இந்த நிலையைத் தலைமையற்ற நிலை என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். ஏறக்குறைய எல்லாக் கோட்பாடுகளும் இந்த நிலை இருப்பதை ஒப்புக்கொள்கின்றன. அதிலிருந்து என்ன விளைகிறது என்பதில்தான் அவை பிரிகின்றன. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: நிகழ்வை நாள்வாரியாக எழுதிக்கொள்ளுதல்

கோட்பாட்டைத் தொடும் முன், நடந்தவற்றை ஒரு தாளில் நாள்வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்ற சொல் அந்தத் தாளில் இடம்பெறக் கூடாது. யார், எப்போது, என்ன செய்தார் என்பது மட்டும் போதும். கியூபா நெருக்கடிக்கு அந்தத் தாள் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

1959 ஜனவரியில் கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வெற்றி பெறுகிறது. 1961 ஏப்ரலில், அமெரிக்கா பயிற்சி அளித்த கியூப அகதிகளின் படை பன்றிகள் விரிகுடாவில் இறங்கித் தோற்கிறது. 1962 கோடையில் சோவியத் ஒன்றியம் கியூபாவுக்கு இரகசியமாக அணு ஏவுகணைகளை அனுப்பத் தொடங்குகிறது. அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் ஏவுதளங்களைப் படம் பிடிக்கிறது. 16ஆம் தேதி காலையில் அமெரிக்க அதிபர் கென்னடிக்குத் தகவல் சொல்லப்படுகிறது. 22ஆம் தேதி கென்னடி தொலைக்காட்சியில் பேசி, கியூபாவைச் சுற்றிக் கடற்படைத் தடுப்பை அறிவிக்கிறார். 27ஆம் தேதி கியூபாவின் வானில் ஒரு யூ-2 சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறக்கிறார். 28ஆம் தேதி, ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாகச் சோவியத் தலைவர் குருஷேவ் அறிவிக்கிறார். பதிலுக்குக் கியூபா மீது படையெடுக்கப்போவதில்லை என்று அமெரிக்கா உறுதி தருகிறது. துருக்கியில் தான் நிறுத்தியிருந்த 15 ஜூபிடர் ஏவுகணைகளை அகற்றுவதாகவும் இரகசியமாக ஒப்புக்கொண்டு, 1963 ஏப்ரலுக்குள் அகற்றிவிடுகிறது.

இந்தத் தாளை இறுதிவரை பக்கத்திலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு கோட்பாடும் இதிலுள்ள சில வரிகளை அடிக்கோடிடும். சில வரிகளைப் பார்க்காமலே கடந்துபோகும். எந்த வரியைக் கடந்துபோகிறது என்று கவனிப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

மூன்றாம் படி: எந்த மட்டத்தில் நின்று பேசுகிறோம் என்று பார்த்தல்

ஒரு போருக்குக் காரணம் கேட்டால் மூன்று வகையான விடைகள் வரும். தலைவரின் குணம் என்பார் ஒருவர். அந்த நாட்டின் ஆட்சிமுறை என்பார் இன்னொருவர். நாடுகளுக்கிடையே வல்லமை பங்கிடப்பட்டிருக்கும் விதம் என்பார் மூன்றாமவர். தனிமனிதர், அரசு, அமைப்பு என்ற இந்த மூன்று மட்டங்களையும் கென்னத் வால்ட்ஸ் 1959இல் வெளியிட்ட தம் முதல் நூலில் பிரித்துக் காட்டினார். வகுப்பறை விவாதங்களில் பாதி, இருவரும் வெவ்வேறு மட்டத்தில் நின்று பேசுவதால் நேர்கிறது என்பது என் அனுபவம். அவர்கள் முரண்படுவதாகத் தோன்றும். உண்மையில் வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கியூபா நெருக்கடியில் இடை மட்டம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கிரஹாம் அலிசன் 1971இல் எழுதிய நூல் காட்டியது. சோவியத் தலைமை இதை இரகசியமாக வைத்திருக்க விரும்பியது. ஆனால் கியூபாவுக்கு வந்த ஏவுகணைப் பிரிவினர், தங்கள் நாட்டில் எந்த வடிவத்தில் ஏவுதளம் அமைத்துப் பழகியிருந்தார்களோ அதே வடிவத்தில், போதிய மறைப்பின்றி இங்கும் அமைத்தார்கள். சோவியத் மண்ணில் எடுத்த படங்களை முன்பே பார்த்துப் பழகியிருந்த அமெரிக்க ஆய்வாளர்களுக்கு, வானிலிருந்து எடுத்த படத்தில் அந்த அமைப்பைக் கண்டதும் இன்னதென்று புரிந்துவிட்டது. ஓர் அரசு ஒரே மனிதரைப் போல யோசித்து முடிவெடுக்கிறது என்று எடுத்துக்கொண்டால், இரகசியம் காக்க நினைத்தவர் ஏன் இப்படித் திறந்து வைத்தார் என்பது புதிராகவே நிற்கும். அரசு என்பது பல அலுவலகங்களின், பல பழக்கங்களின் தொகுப்பு என்று பார்த்தால் புதிர் அவிழ்கிறது. நாள்வாரித் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதை எந்த மட்டத்தில் விளக்கலாம் என்று ஒரு சொல் எழுதிவைப்பது பின்னர் மிகவும் உதவும்.

நான்காம் படி: யதார்த்தவாதத்தின் வழியாகப் படித்தல்

இந்த மரபிலிருந்து தொடங்குவதே நல்லது. அது எப்போதும் சரி என்பதற்காக அல்ல; மற்றவை பெரும்பாலும் இதற்குப் பதில் சொல்வதற்காகவே எழுந்தவை என்பதற்காக.

யதார்த்தவாதிகள் தங்கள் மூதாதையாகக் கருதுவது பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸை. கி.மு. 431இல் தொடங்கி 404 வரை நீடித்த ஏதென்ஸ், ஸ்பார்ட்டா போருக்கு, ஏதென்ஸின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவிடம் எழுப்பிய அச்சமுமே உண்மையான காரணம் என்று அவர் எழுதினார். கி.மு. 416இல் ஏதென்ஸின் படை மெலோஸ் என்னும் சிறு தீவின் முன் வந்து நின்று, அடிபணியச் சொன்னது. நீதியைப் பேசினார்கள் மெலோஸ்காரர்கள். வலியவர் தம்மால் முடிந்ததைச் செய்கிறார், எளியவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதைப் பொறுத்துக்கொள்கிறார் என்ற கருத்தில் பதில் வந்தது. மெலோஸ் பணிய மறுத்தது. முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது. ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக்கப்பட்டார்கள். புதிதாகப் படிப்பவர்கள் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து மேலும் சில பக்கங்கள் படியுங்கள். மெலோஸை அடுத்து உடனேயே, ஏதென்ஸ் சிசிலித் தீவின் மீது பெரும்படையை அனுப்பி, அந்தப் படை முற்றாக அழிந்த கதை வருகிறது. தன் வல்லமையின் எல்லையை மறந்த அரசுக்கு நேர்ந்ததை இதே நூல்தான் சொல்கிறது. யதார்த்தவாதம் வலியவனுக்கு வக்காலத்து வாங்குகிறது என்று நினைப்பவர்கள் இந்தப் பாதியைத் தவறவிட்டவர்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபு புத்துயிர் பெற்றது ஓர் ஏமாற்றத்திலிருந்து. முதல் உலகப்போருக்குப் பின் 1920இல் நடைமுறைக்கு வந்த நாடுகளின் சங்கம், 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தபோதும், 1935இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோதும் தடுக்க இயலாமல் நின்றது. 1939இல் ஈ.எச். கார், சட்டத்தையும் நல்லெண்ணத்தையும் மட்டும் நம்பி வல்லமையைக் கணக்கில் எடுக்காதவர்களைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். நாஜிகளின் எழுச்சியால் ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்கா வந்த ஹான்ஸ் மார்கெந்தாவ் 1948இல் வெளியிட்ட நூல், ஒரு தலைமுறைக்கே பாடநூலாக இருந்தது. மனிதருக்குள் இருக்கும் அதிகார வேட்கையே அரசியலின் அடிப்படை என்பது அவர் நிலை.

வால்ட்ஸ் 1979இல் அந்த அடிப்படையை மாற்றினார். மனித மனத்தைத் துருவ வேண்டியதில்லை, தலைமையற்ற நிலையே போதும் என்றார். தன்னைக் காக்க வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதால் நல்ல அரசும் ஆயுதம் சேர்க்கிறது. எங்கேனும் வல்லமை குவிந்தால் மற்றவை சேர்ந்தோ, தனித்தோ அதற்கு ஈடுகட்ட முயல்கின்றன. இதுதான் அதிகாரச் சமநிலை. ஜான் மியர்ஷைமர் 2001இல் இதை இன்னும் கடுமையாக்கி, பிறர் எண்ணத்தை உறுதியாக அறிய முடியாததால், வல்லரசுகள் சமநிலையோடு நிறைவடையாமல் முடிந்தவரை மேலோங்கவே முயலும் என்றார். இந்த மூவரையும் ஒரே மூச்சில் யதார்த்தவாதிகள் என்று எழுதிவிடாமல், காரணத்தை எங்கே வைக்கிறார்கள் என்று பிரித்து எழுதினால் உங்கள் விடை உடனே தெளிவாகும்.

இப்போது நாள்வாரித் தாளுக்கு வருவோம். நெடுந்தூர ஏவுகணைகளில் சோவியத் ஒன்றியம் அமெரிக்காவைவிட மிகவும் பின்தங்கியிருந்தது. நடுத்தரத் தூர ஏவுகணைகளை அமெரிக்கக் கரையிலிருந்து 150 கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு தீவில் வைத்தால், அந்த இடைவெளியைக் குறைந்த செலவில் குறைக்கலாம். இது சமநிலை தேடும் செயல் என்று யதார்த்தவாதி சொல்வார். அதோடு, 1950இல் ஜான் ஹெர்ஸ் பெயரிட்ட பாதுகாப்பு இக்கட்டையும் சுட்டுவார். ஒருவர் தற்காப்புக்கென்று செய்வது அடுத்தவர் கண்ணுக்குத் தாக்குதலுக்கான ஆயத்தமாகத் தெரிய, அவரும் ஆயத்தமாக, இருவருமே முன்பைவிடப் பாதுகாப்பற்றவர்களாகிறார்கள். துருக்கியிலிருந்த ஜூபிடர்கள் அமெரிக்காவுக்குக் கூட்டாளியைக் காக்கும் கருவி. மாஸ்கோவுக்கு வாசலில் நிற்கும் துப்பாக்கி. கியூபாவிலிருந்த ஏவுகணைகள் குருஷேவுக்கு நண்பனைக் காக்கும் வேலி. வாஷிங்டனுக்கு மரண அச்சுறுத்தல். இந்த இரண்டு ஏவுகணைத் தொகுதிகளும் விலகியதில்தான் நெருக்கடி முடிந்தது என்பதை யதார்த்தவாதி தடித்த கோட்டால் அடிக்கோடிடுவார்.

யதார்த்தவாதிகள் போர் விரும்பிகள் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுவது நல்லது. மார்கெந்தாவ் வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தார். 2002 செப்டம்பரில், இராக் மீதான போர் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல என்று நாளிதழில் விளம்பரம் வெளியிட்ட 33 அறிஞர்களில் வால்ட்ஸும் மியர்ஷைமரும் இருந்தார்கள். தேச நலனுக்குத் தேவையற்ற போர் வல்லமையை வீணாக்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஐந்தாம் படி: தாராளவாதத்தின் வழியாகப் படித்தல்

தாராளவாதியும் தலைமையற்ற நிலையை மறுப்பதில்லை. ஆனால் அரசுகள் பெரும்பாலான நாள்களில் போரிடாமல் வாணிகம் செய்துகொண்டும், ஒப்பந்தங்களைக் கடைப்பிடித்துக்கொண்டும் இருக்கின்றனவே, அது எப்படி என்று கேட்கிறார். இதற்கு மூன்று விடைகளை இந்த மரபு தருகிறது: வாணிகம், நிறுவனங்கள், ஜனநாயகம். இம்மானுவேல் கான்ட் 1795இல் எழுதிய நிலையான அமைதி பற்றிய சிறு நூலில், குடியரசு ஆட்சிமுறை, சுதந்திர அரசுகளின் கூட்டமைப்பு, அயலாருக்கு இடம்தரும் உரிமை ஆகிய மூன்றைச் சொன்னதில் இவற்றின் வித்து இருக்கிறது.

வாணிகம் பற்றிய வாதத்தைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. நார்மன் ஏஞ்சல் 1910இல், பின்னிப் பிணைந்த பொருளாதாரங்களின் காலத்தில் படையெடுப்பு வென்றவருக்கும் இலாபம் தராது என்று எழுதினார். நான்கே ஆண்டுகளில் பெரும்போர் வெடித்ததால், போரே வராது என்று சொன்னவர் என்று அவரை இன்றும் சிலர் தள்ளிவைக்கிறார்கள். போர் பயனற்றது என்று சொல்வது வேறு, போர் வராது என்று சொல்வது வேறு. ஏஞ்சலின் வாதம் முதல் வகை.

நிறுவனங்களைப் பற்றிய வாதத்தை ஒரு தெளிவான உதாரணத்தில் பிடித்துக்கொள்ளலாம். 1870 முதல் 1945 வரை மூன்று முறை போரிட்ட ஜெர்மனியும் பிரான்சும், இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவற்றோடு சேர்ந்து 1951இல் நிலக்கரி, எஃகு உற்பத்தியைப் பொது ஆணையத்தின் கீழ் கொண்டுவர உடன்படிக்கை செய்தன. அந்த இரண்டு பொருள்களும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. பீரங்கியும் தளவாடமும் எதிலிருந்து வருகின்றனவோ அதையே பொதுவாக்கினால், ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் போருக்கு ஆயத்தமாக முடியாது. ஐயத்தைப் போக்குவதற்கு நல்லெண்ணத்தை நம்பாமல், கணக்கைத் திறந்து வைக்கும் ஏற்பாட்டை நம்பினார்கள். ராபர்ட் கோஹேன் 1984இல் விரித்துரைத்த கருத்தும் இதுதான்: நிறுவனங்கள் அரசுகளை நல்லவையாக்குவதில்லை, தகவலைப் பகிர்ந்து, ஏமாற்றுபவரைக் கண்டுபிடிப்பதை எளிதாக்கி, நாளையும் இதே ஆளோடு பழக வேண்டும் என்ற நினைப்பை வளர்ப்பதால், தன்னலமுள்ள அரசுகளுக்கும் ஒத்துழைப்பு இலாபகரமாகிறது.

ஜனநாயக நாடுகள் தமக்குள் போரிடுவது மிக அரிது என்ற கருத்தை மைக்கேல் டாய்ல் 1983இல் விரிவாக எடுத்துரைத்தார். அவை ஜனநாயகமற்ற நாடுகளோடு தாராளமாகப் போரிட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்தே அவர் சொன்னார். அந்தப் பாதியை மேற்கோளில் விட்டுவிடாதீர்கள்.

நாள்வாரித் தாளில் தாராளவாதி எந்த வரிகளைப் புதிதாகச் சேர்த்து அடிக்கோடிடுவார்? அக்டோபர் 23 அன்று அமெரிக்க நாடுகளின் அமைப்பு கடல்தடுப்பை ஆதரித்ததையும், 25ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்சன் வான்படங்களை எல்லோர் முன்பும் வைத்ததையும் சுட்டுவார். அதைவிட, நெருக்கடி முடிந்த பின் நடந்ததைச் சுட்டுவார். தலைவர்கள் செய்தி அனுப்பிப் பதில் பெறவே மணிக்கணக்கில் காத்திருந்த ஆபத்தை உணர்ந்து, 1963 ஜூனில் மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்பாடு செய்யப்பட்டது. ஆகஸ்டில், நிலத்தடி தவிர்த்த அணுச் சோதனைகளுக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பகைவர்களே விதிகளை உண்டாக்கினார்கள். யதார்த்தவாதத்தில் இந்த வரிகளுக்கு அதிக வேலை இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஹெட்லி புல் 1977இல் நின்ற இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். தலைமை இல்லாவிட்டாலும், தூதர் உரிமை, உடன்படிக்கை, போர் நெறி போன்ற பொது வழக்கங்களால் அரசுகள் ஒருவகைச் சமூகமாக வாழ்கின்றன என்றார் அவர். ஆங்கிலப் பள்ளி என்று அழைக்கப்படும் இந்த மரபு அடுத்த படிக்கு நல்ல பாலம்.

ஆறாம் படி: கட்டுமானவாதத்தின் வழியாகப் படித்தல்

இங்கே ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டனிடமும் அணுகுண்டு இருந்தது; அதைக் கண்டு அமெரிக்கா அஞ்சவில்லை. கியூபாவில் சோவியத் ஏவுகணை வந்ததும் உலகப்போரின் விளிம்புவரை சென்றது. எண்ணிக்கையும் தூரமும் மட்டுமே அச்சத்தைத் தீர்மானித்தால் இந்த வேறுபாட்டுக்கு என்ன விளக்கம்? அலெக்சாண்டர் வென்ட் இதே போக்கில், வட கொரியாவின் 5 அணு ஆயுதங்கள் பிரிட்டனின் 500 அணு ஆயுதங்களைவிட அமெரிக்காவை அச்சுறுத்துவதை எடுத்துக்காட்டினார். ஆயுதம் என்பது இரும்பும் யுரேனியமும். அது யார் கையில் இருக்கிறது, அவர் நமக்கு யார் என்ற புரிதலே அதை அச்சுறுத்தலாக்குகிறது. 1992இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம், தலைமையற்ற நிலை தானாக எதையும் விதிப்பதில்லை, அரசுகள் பழகிப் பழகி அதற்குப் பொருள் தருகின்றன என்பதே. நண்பர், போட்டியாளர், பகைவர் என்ற உறவுகள் பிறவியிலேயே எழுதப்பட்டவை அல்ல, கட்டப்பட்டவை. அதனால்தான் இந்தப் பெயர். சில பாடநூல்களில் இதே கோட்பாடு வேறு தமிழ்ப் பெயர்களில் வருவதால், பெயரைப் பார்க்காமல் வென்டின் பெயரையும், அடையாளம், நெறி என்ற சொற்களையும் பார்த்து இனங்கண்டுகொள்ளுங்கள்.

நாள்வாரித் தாளில் கட்டுமானவாதி ஒரு சொல்லைச் சுட்டுவார். போர்க்கப்பல்களை வைத்து ஒரு நாட்டை வளைப்பதற்குப் பன்னாட்டுச் சட்டத்தில் முற்றுகை என்று பெயர், அது போர்ச்செயல். கென்னடி அந்தச் சொல்லைத் தவிர்த்து, நோய் பரவாமல் தனிமைப்படுத்துவதற்குரிய சொல்லைப் பயன்படுத்தினார். கப்பல்கள் அதே கப்பல்கள்தாம். சொல் மாறியதால், எதிராளி அதற்குப் போரால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் குறைந்தது. அதே நாள்களில், முன்னறிவிப்பின்றி விமானத் தாக்குதல் நடத்தலாம் என்ற யோசனைக்கு எதிராக, 1941இல் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தில் செய்ததை நாமே செய்வதா என்ற வாதம் ஆலோசனை அறையில் எழுந்தது. நாம் எப்படிப்பட்ட நாடு என்ற எண்ணம் ஓர் இராணுவத் தெரிவை எதிர்த்து நின்ற இடம் அது. இதை வெறும் சொல்லலங்காரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வாதம் மட்டுமே முடிவைத் தீர்மானித்தது என்று சொல்லவும் சான்று போதாது.

ஏழாம் படி: மேசையில் இல்லாதவர்களைக் கேட்டல்

மேலே சொன்ன மூன்றும் வல்லரசுகளின் மேசையைச் சுற்றியே நிற்கின்றன. நெருக்கடி நடந்தது கியூபாவில். ஆனால் இதுவரை கியூபா பேசவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? குருஷேவும் கென்னடியும் உடன்பாட்டுக்கு வந்தபோது காஸ்ட்ரோவைக் கலந்தாலோசிக்கவில்லை. வர்க்கம், ஏழை நாடுகளின் பொருளாதாரச் சார்பு, காலனியத்தின் எச்சம் ஆகியவற்றை முன்வைத்துப் பேசும் மார்க்சிய, சார்புநிலை, பின்காலனியக் கோட்பாடுகள் நம் பார்வையை இந்தப் பக்கம் திருப்புகின்றன.

அவற்றின் வழியாகப் படித்தால் நாள்வாரித் தாளையே பின்னோக்கி நீட்ட வேண்டும். 1901இன் பிளாட் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டப் பிரிவு கியூபாவின் உள்விவகாரத்தில் தலையிட அமெரிக்காவுக்கு உரிமை தந்தது. அது 1934 வரை நீடித்தது. தீவின் பொருளாதாரம் சர்க்கரை என்ற ஒரே ஏற்றுமதியையும், அமெரிக்கா என்ற ஒரே பெரிய சந்தையையும் நம்பியிருந்தது. 1960 பிப்ரவரியில், சர்க்கரை வாங்கிக்கொண்டு எண்ணெய் தருவதாகச் சோவியத் ஒன்றியம் ஒப்பந்தம் செய்தது. தீவிலிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் சுத்திகரிப்பு ஆலைகள் அந்த எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்தன. கியூபா ஆலைகளைத் தன்வசமாக்கியது. ஜூலையில் அமெரிக்கா கியூபச் சர்க்கரைக்கான ஒதுக்கீட்டை வெட்டியது. ஏவுகணைக்கு இரண்டாண்டு முன்பே, சர்க்கரையிலும் எண்ணெயிலும் இந்த நெருக்கடி உருவாகிக்கொண்டிருந்தது. மூலப்பொருள் விற்கும் விளிம்பு நாடுகளுக்கும், ஆலைப்பொருள் விற்கும் மைய நாடுகளுக்கும் இடையிலான வாணிகம் சமமற்றது என்று ரவுல் பிரெபிஷ் 1950ஐ ஒட்டி முன்வைத்த வாதமும், 1974 முதல் இம்மானுவேல் வாலர்ஸ்டைன் விரித்த உலக அமைப்புப் பார்வையும் இந்த வரிகளுக்கு உயிர் தருகின்றன.

பெண்ணிய ஆய்வு வேறொரு கதவைத் திறக்கிறது. பெண்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டே உலக அரசியலைப் படிக்கச் சொன்னார் சிந்தியா என்லோ, 1989இல். கென்னடியின் ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள் என்று சொல்லி நிறுத்திவிடுவது போதாது. விட்டுக்கொடுப்பதைக் கோழைத்தனமாகவும், விறைப்பை உறுதியாகவும் காட்டும் பேச்சு எந்தத் தெரிவுகளைச் சொல்லக் கூச வைத்தது என்பதே பயனுள்ள கேள்வி. துருக்கி ஏவுகணைகள் பற்றிய உடன்பாடு ஏன் பல ஆண்டுகள் மறைத்து வைக்கப்பட வேண்டியிருந்தது என்று யோசித்தால், அந்தக் கேள்வியின் கூர்மை விளங்கும்.

எட்டாம் படி: கோட்பாட்டைச் சோதித்தல்

இப்போது உங்களிடம் ஒரே தாளில் பல நிறக் கோடுகள் இருக்கும். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று எழுதி முடிக்கும் ஆசை இந்த இடத்தில் வரும். அதற்கு இடம் தராதீர்கள். ஒவ்வொரு கோட்பாட்டிடமும், எது நடந்திருந்தால் நீ தவறு என்று ஒப்புக்கொள்வாய் என்று கேளுங்கள். 1989 முதல் 1991 வரை நடந்தது யதார்த்தவாதத்துக்கு அப்படிப்பட்ட சோதனை. ஒரு வல்லரசு பெரும்போரில் தோற்காமலே கிழக்கு ஐரோப்பாவை விட்டு விலகி, பின்னர் தானே கலைந்தது. இரண்டு வல்லரசுகள் எதிரெதிரே நிற்கும் இருதுருவ அமைப்பு நிலையானது என்று எழுதியிருந்தவர்களுக்கு அது கடினமான கேள்வியாயிற்று. கட்டுமானவாதம் தொண்ணூறுகளில் வேகமாக வளர்ந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒருங்கிணைப்பைத் தாராளவாதி காட்டும்போது, அமெரிக்கப் படைகளின் பாதுகாப்பு இல்லாமல் அது நடந்திருக்குமா என்று யதார்த்தவாதி கேட்பார். கட்டுமானவாதியிடம், எண்ணங்கள் எப்போது மாறும், எப்போது மாறாது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு முடிந்த விடை கிடையாது. ஆனால் கேள்வியைத் துல்லியமாகக் கேட்கத் தெரிந்தவருக்குக் கோட்பாடு கைவந்துவிட்டது.

கடைசியாக ஒரு பக்கம் எழுதுங்கள். கென்னடி ஏன் விமானத் தாக்குதலை விடுத்துக் கடல்தடுப்பைத் தேர்ந்தெடுத்தார் என்ற ஒரே கேள்வியை எடுத்து, ஒரே கோட்பாட்டின் வழியாக மட்டும் விடை சொல்லுங்கள். அந்த விடை நாள்வாரித் தாளின் எந்த வரியை விளக்கவில்லை என்பதையும் கடைசிப் பத்தியில் நேர்மையாக எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, முதல் பக்கத்தைப் பார்க்காமல், அதற்கு எதிரான கோட்பாட்டின் வழியாக இன்னொரு பக்கம் எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டிலும் வரும் உண்மைத் தகவல்களை மட்டும் கோடிடுங்கள். கோடிடாமல் மிஞ்சும் தகவல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மற்றப் பக்கம் அதை ஏன் விட்டுவிட்டது என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு முதல் உலகப்போருக்கு இட்டுச்சென்ற 1914 ஜூலை மாதத்தையோ, 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்ததையோ எடுத்து, இரண்டாம் படியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.